ஊராட்சியில் மக்கள் பங்கு: அதனை அளப்பது எப்படி?



லயத்துக்குப் பின்னால் ஓடும் கால்வாய் அடைத்துக் கொள்கிறது. மழை பெய்தால் அழுக்கு நீர் சமையலறை வரைக்கும் ஏறுகிறது. பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் பாதையில் விளக்கு இல்லை. பேருந்து நிற்கும் இடத்தில் ஒதுங்க ஒரு கூரை இல்லை. இவையெல்லாம் நாட்டின் தலைநகரில் முடிவாகும் பெரிய காரியங்கள் அல்ல. ஊராட்சி மன்றத்தின் ஓர் அறையில், ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் சிலர் முடிவு செய்கிற காரியங்கள். ஆனால், காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும் வரைக்கும் நம் வாழ்க்கையைத் தொடுகிறவை இவைதாம்.

அந்த மேசையில் நம் குரல் எவ்வளவு கேட்கிறது? நேற்று எவ்வளவு கேட்டது? இன்று கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா? இதனை அளந்து பார்க்க முடியுமா? இன்றைய உரையில் நாம் எடுத்துக் கொண்டிருக்கும் பொருள் இதுதான்.

அளப்பது என்றதும் நமக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. ரப்பர் மரம் வெட்டிய காலத்தை நம் குடும்பங்களில் மூத்தவர்கள் நன்றாக அறிவார்கள். மங்கிலிருந்து சேர்த்த பாலை வாளியில் சுமந்து கொண்டுபோய்க் கொட்டகையில் கொடுப்பார்கள். வாளி நிறைந்திருக்கிறது என்பதற்காக மட்டும் கிராணி கணக்கு எழுதிவிட மாட்டார். மெட்ரோலாக் என்ற கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார். மழைத் தண்ணீர் கலந்த பால் வாளியை நிரப்பும். ஆனால் உலர்ந்த ரப்பராகத் தேறாது.

மக்கள் பங்கேற்பும் அப்படியே. கூட்டத்துக்கு இருநூறு பேர் வந்தார்கள் என்பது வாளியின் நிறைவு. அந்த இருநூறு பேர் சொன்னதால் எந்த முடிவு மாறியது என்பதே அதில் உள்ள ரப்பர். வாளியை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம்.

ஆகவே, எந்தக் காலத்தை ஆராய்ந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுக் கொள்வோம். ஒன்று, பங்கு கொள்ள யாருக்கு உரிமை இருந்தது? இரண்டு, அவர்களால் எதை முடிவு செய்ய முடிந்தது? மூன்று, அவர்கள் சொல் முடிவை மாற்றியதா? இம்மூன்று கேள்விகளையும் கையில் வைத்துக் கொண்டு நம் நாட்டின் ஊராட்சி வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல் என்பது மிகப் பழைய செய்தி. 1857ஆம் ஆண்டிலேயே பினாங்கின் ஜார்ஜ் டவுனில் நகராண்மை ஆணையர்கள் சிலரைத் தேர்தல் மூலம் தேர்ந்தெடுத்தார்கள். நாடாளுமன்றத் தேர்தல் நம் நாட்டுக்கு வருவதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நடந்த காரியம் இது. கேட்பதற்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் முதல் கேள்வியைக் கேட்டுப் பார்த்தால் நிலைமை விளங்கும். சொத்து வைத்து வரி கட்டியவர்களுக்கே அங்கு வாக்கு. கப்பலிலிருந்து மூட்டை இறக்கியவனுக்கும், கரும்புத் தோட்டத்தில் வெட்டியவனுக்கும், தெரு கூட்டியவனுக்கும் அதில் இடமில்லை. அந்தச் சிறிய உரிமையும் நிலைக்கவில்லை. 1913ஆம் ஆண்டில் வந்த நகராண்மைச் சட்டம் அந்தத் தேர்தலை நீக்கிவிட்டது. அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நியமன உறுப்பினர்களே ஊரை ஆண்டார்கள்.

அதே காலத்தில் தோட்டங்களின் நிலை என்ன? தோட்டம் தனியார் நிலம். வீடு, தண்ணீர், வைத்தியம், ஆயாக் கொட்டகை எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று கூடச் சொன்னது. நம் தோட்டத் தமிழ்ப் பள்ளிகள் பல அப்படித்தான் தோன்றின. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சட்டம் தொழிலாளிக்குச் சில வசதிகளைக் கொடுத்தது; ஆனால் அந்த வசதி எப்படி இருக்க வேண்டும், எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமையைக் கொடுக்கவில்லை. வசதி பெறுவது வேறு. பங்கு கொள்வது வேறு. இந்த வேறுபாட்டை நாம் மறந்துவிடக் கூடாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் காற்று திசை மாறியது. 1950ஆம் ஆண்டில் ஊராட்சித் தேர்தல் சட்டம் நிறைவேறியது. 1951 டிசம்பர் 1ஆம் நாள் ஜார்ஜ் டவுனில் நகராண்மைத் தேர்தல் நடந்தது. ஒன்பது இடங்களுக்கு நடந்த அத்தேர்தலில் ராடிக்கல் கட்சி ஆறு இடங்களைப் பிடித்தது. 1952 பிப்ரவரி 16ஆம் நாள் கோலாலம்பூரில் நடந்த தேர்தலில் பன்னிரண்டு இடங்களில் ஒன்பதை அம்னோ, ம.சீ.ச. கூட்டு வென்றது. பின்னாளில் நாட்டுக்கு விடுதலை பெற்றுத் தந்த கூட்டணி ஓர் ஊராட்சித் தேர்தலில்தான் முதன் முதலாகக் கை கோத்தது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்து கொள்ள வேண்டும்.

1956ஆம் ஆண்டில் ஜார்ஜ் டவுன் மன்றத்தின் உறுப்பினர் அனைவரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே ஆனார்கள். 1957 ஜனவரி 1ஆம் நாள் அது மாநகரமாயிற்று. அதன் தொடக்க கால மேயர்களில் ஒருவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ். இராமநாதன். ஈப்போவில் சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி மக்கள் வாக்கைப் பெற்று நகர மன்றத்தை நடத்தியது. ஊராட்சி என்னும் பள்ளியில்தான் நம் நாட்டு அரசியல் தலைவர்கள் பலர் பாடம் கற்றார்கள்.

நகரங்களில் மட்டுமன்று, சிற்றூர்களிலும் இந்த மாற்றம் வந்தது. அவசரகாலம் நடந்து கொண்டிருந்த நேரம் அது. காட்டோரத்தில் சிதறியிருந்த ஏறத்தாழ ஐந்து லட்சம் மக்களை அரசாங்கம் புதுக்கிராமங்களில் குடியேற்றியது. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இத்தகைய கிராமங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர் மன்றங்கள் அமைக்க வழி பிறந்தது. தாங்களே வரி வசூலித்து, தங்கள் சாலையையும் சந்தையையும் கால்வாயையும் தாங்களே கவனிக்கும் மன்றங்கள் அவை.

அதே அவசரகாலத்தில் தோட்டங்களிலும் சிதறியிருந்த லயங்களை ஒரே இடத்தில் கூட்டி முள்வேலி போட்டார்கள். நம் பாட்டன் பாட்டிமார் பலர் அந்த வேலிக்குள் வாழ்ந்தவர்கள். இரண்டு பக்கமும் வேலிதான். ஆனால், புதுக்கிராமத்து வேலிக்குள் ஒரு மன்றமும் ஒரு வாக்குப் பெட்டியும் வந்தன. தோட்டத்து வேலிக்குள் அவை வரவில்லை. தோட்டம் தனியார் நிலம் என்பதே அதற்குக் காரணம். குடியுரிமைப் பிரச்சினை இன்னொரு காரணம். 1955ஆம் ஆண்டின் பொதுத் தேர்தலில் பதிவு பெற்ற வாக்காளர் ஏறத்தாழ 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் நூற்றுக்கு நான்கு பேர் அளவிலேதான் இந்தியர். ரப்பருக்கு உழைத்த கை ஆயிரக்கணக்கில் இருந்தும், வாக்குச் சீட்டைத் தொட்ட கை மிகச் சிலவே. முதல் கேள்வியால் அளந்தால் நாம் எங்கே நின்றோம் என்பது தெளிவாகும்.

இனி, கதை திரும்பும் இடத்துக்கு வருவோம். 1963ஆம் ஆண்டில் மலேசியா அமைந்தது. இந்தோனேசியாவுடன் மோதல் மூண்டது. அந்த நெருக்கடியைக் காரணம் காட்டி, 1965 மார்ச்சு மாதத்தில் அவசரகால விதிகளின் கீழ் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அமைதி திரும்பியதும் தேர்தலும் திரும்பும் என்று அன்றைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் உறுதி கூறினார். 1966 ஆகஸ்டு மாதத்தில் மோதல் முடிந்தது. தேர்தல் திரும்பவில்லை.

அதற்கிடையில், 1965ஆம் ஆண்டிலேயே, மேற்கு மலேசியாவின் ஊராட்சி மன்றங்கள் எப்படி நடக்கின்றன என்று ஆராய ஓர் அரச விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் நம் சமூகத்தைச் சேர்ந்த வழக்கறிஞரும் மேலவை உறுப்பினருமான ஆதி நாகப்பன். சில மன்றங்களில் முறைகேடுகள் நடந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்ததே அக்குழு அமைந்ததற்கு உடனடிக் காரணம். இதனை நாம் மறைக்கத் தேவையில்லை. வாக்குப் பெட்டி இருந்தால் மட்டும் நிர்வாகம் சுத்தமாகிவிடாது.

அன்றைக்கு நாட்டின் மேற்குப் பகுதியில் 370க்கும் மேற்பட்ட ஊராட்சி அமைப்புகள் இருந்தன. அவற்றில் மிகப் பெரும்பான்மை சின்னஞ்சிறு உள்ளூர் மன்றங்கள். வருமானம் குறைவு, பயிற்சி பெற்ற ஊழியர் இல்லை, பல மன்றங்கள் தள்ளாடின. இத்தனையையும் ஆராய்ந்த ஆதி நாகப்பன் குழு 1968ஆம் ஆண்டின் இறுதியில் தன் அறிக்கையைக் கொடுத்தது. அது என்ன சொன்னது? குறை இருக்கிறது என்பதற்காக மக்களின் வாக்கைப் பறிக்காதீர்கள். மன்றங்களைச் சீரமையுங்கள், தேர்தலை மீண்டும் நடத்துங்கள் என்பதே அதன் பரிந்துரையின் சாரம். கால் வலிக்கிறது என்றால் மருந்து போட வேண்டுமே தவிர, காலை வெட்டிவிடலாகாது.

ஆனால் அரசாங்கம் சீரமைப்பை ஏற்றுக் கொண்டு, தேர்தலை ஏற்கவில்லை. 1973ஆம் ஆண்டின் தற்காலிகச் சட்டமும் 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டமும் வந்தன. மேற்கு மலேசியாவில் நூற்றுக்கணக்கில் இருந்த சிறு மன்றங்கள் ஒன்றாக்கப்பட்டு, நூற்றுக்கும் குறைவான பெரிய மன்றங்களாயின. ஒவ்வொரு மன்றத்துக்கும் தலைவரைத் தவிர எட்டு முதல் இருபத்து நான்கு உறுப்பினர் வரை மாநில அரசு நியமிக்கும் என்று சட்டம் கூறிற்று. பெரும்பான்மையோர் அந்த வட்டாரத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும். அனுபவம் உள்ளவராகவோ, தம் சமூகத்தின் நலனை எடுத்துச் சொல்லக் கூடியவராகவோ இருக்க வேண்டும் என்றும் கூறிற்று. நல்ல விதிதான். ஆனால், அவர் நம்மை எடுத்துச் சொல்கிறாரா என்று தீர்ப்புச் சொல்பவர் நாம் அல்லர்.

இந்த வழி இன்னும் அடைபட்டே இருக்கிறது. 2012ஆம் ஆண்டில் பினாங்கு மாநிலம் தன் எல்லைக்குள் ஊராட்சித் தேர்தல் நடத்த ஒரு சட்டம் இயற்றியது. அதற்கு அதிகாரம் இல்லை என்று 2014 ஆகஸ்டு மாதத்தில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 டிசம்பர் முதல் பதினெட்டு வயது நிரம்பிய ஒவ்வொரு குடிமகனும் தானாகவே வாக்காளராகப் பதிவாகிறான். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிய பேறு. ஆனால், நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் வாக்களிக்கும் அந்தப் பிள்ளைக்குத் தன் வீட்டுக் கால்வாயைப் பார்த்துக் கொள்ளும் மன்றத்துக்கு வாக்கு இல்லை.

அப்படியானால் நம் பங்கு பூஜ்யமா? அல்ல. தேர்தல் என்பது ஓர் அளவுகோல். ஒரே அளவுகோல் அன்று. இங்கே, பங்கேற்பை அளக்க அறிஞர் ஒருவர் வகுத்த முறையைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற பெண்மணி 1969ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். ஏழை மக்கள் வாழும் நகர்ப் பகுதிகளைச் சீர்படுத்தும் திட்டங்களை அருகிலிருந்து பார்த்தவர் அவர். மக்களைக் கலந்து கொண்டோம் என்று எல்லாத் திட்டங்களும் சொல்லிக் கொண்டன. உண்மையில் கலந்து கொண்டார்களா? அதை அளக்க எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியை அவர் வகுத்தார்.

அடியிலிருந்து ஏறுவோம். முதற்படி, ஆட்டிவைப்பது. முன்பே எடுத்த முடிவுக்குக் கை தட்ட ஆள் கூட்டுவது இது. இரண்டாம் படி, குறை மக்களிடம்தான் இருக்கிறது என்று கருதி அவர்களுக்குப் புத்தி சொல்லி மனத்தை ஆற்றுவது. இவ்விரண்டும் பங்கேற்பே அல்ல என்கிறார் அவர். மூன்றாம் படி, தகவல் சொல்வது. நான்காம் படி, கருத்துக் கேட்பது. ஐந்தாம் படி, ஓரிருவருக்கு நாற்காலி கொடுத்துச் சமாதானப்படுத்துவது. இம்மூன்றும் பேருக்குப் பங்கேற்பு. ஆறாம் படி, மக்களும் அதிகாரிகளும் கூடிப் பொறுப்பேற்பது. ஏழாம் படி, குறிப்பிட்ட காரியத்தில் முடிவு செய்யும் அதிகாரத்தை மக்களிடம் ஒப்படைப்பது. எட்டாம் படி, மக்களே நிர்வகிப்பது. இம்மூன்றில்தான் மக்களுக்கு உண்மையான வலிமை உண்டு.

இந்த ஏணியின் சிறப்பு யாதெனில், அது எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்பதில்லை. அதிகாரம் யார் கையில் இருந்தது என்றே கேட்கிறது.

நாங்கள் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். சில ஆண்டுகளுக்கு முன்னர், எங்கள் தோட்டத்தை அடுத்த பகுதியில் புதிய சாலைகளும் வீடுகளும் அமைக்கும் திட்டம் பற்றி ஊராட்சி மன்றம் ஒரு விளக்கக் கூட்டம் நடத்தியது. நாங்களும் பெற்றோர் சிலரும் வேன் பிடித்துப் போனோம். கூட்டம் காலை பத்து மணிக்கு. வேலைக்குப் போனவர்கள் வர முடியவில்லை. வயதானவர்களும் அரை நாள் கூலியை விட்டு வந்த சில தாய்மாருமே வந்தார்கள். வாசலில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். பெரிய வரைபடம் ஒன்றைக் காட்டி ஓர் அதிகாரி ஒரு மணி நேரம் பேசினார். கேள்வி கேட்க ஐந்து நிமிடம். தேநீர் கொடுத்தார்கள். முடிந்தது.

திரும்பி வரும்போது, எங்களோடு வந்த பாட்டி ஒருவர் கேட்டார்: "ஏன் வாத்தியாரே, நம்ம தலைய எண்ணி எழுதிக்கிட்டாங்க. நம்ம சொன்னத யாரு எழுதுனாங்க?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. சில மாதம் கழித்துத் திட்டம் வெளிவந்தது. பொதுமக்கள் கலந்து கொண்டனர் என்று அதில் இருந்தது. எங்கள் பிள்ளைகள் நடந்து வரும் ஒற்றையடிப் பாதையைப் புதிய சாலை குறுக்கே வெட்டிக் கொண்டு போனது. பாதை அங்கே இருப்பதே வரைபடத்தில் இல்லை. ஆர்ன்ஸ்டைன் ஏணியில் வைத்துப் பார்த்தால், அந்தக் கூட்டம் மூன்றாம் படி; அதற்கு மேல் ஏறவில்லை.

இதில் எங்கள் தவறும் உண்டு. அதை ஒப்புக் கொள்ள வேண்டும். நாங்கள் வெறுங்கையோடு போனோம். எழுதிக் கொடுக்க எங்களிடம் ஒரு தாள் கூட இல்லை. பாதை அங்கே இருக்கிறது என்பதை அதிகாரிக்குத் தெரிவிக்க நாங்களே ஒரு படம் வரைந்திருக்கலாம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். நாங்கள் அழவும் இல்லை, எழுதவும் இல்லை.

அடுத்த முறை வேறு விதமாகச் செய்தோம். சாலையைக் கடக்கும் இடத்தில் வேகத்தடையும் நடைக்கோடும் வேண்டும் என்ற ஒரே கோரிக்கையைத் தாய்மார்கள் சேர்ந்து எழுதினார்கள். காலையில் எத்தனை பிள்ளைகள் அவ்விடத்தைக் கடக்கிறார்கள் என்று ஒரு வாரம் எண்ணிப் பட்டியல் போட்டார்கள். கடிதத்தின் கடைசியில், எழுத்து மூலம் பதில் வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தார்கள். பதில் வரத் தாமதமாயிற்று, ஆனால் வந்தது. வேகத்தடை போட்டார்கள். நடைக்கோடு போட வேறோர் இலாகாவின் அனுமதி வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். பாதி வெற்றிதான். ஆனால், ஏன் மறுபாதி இல்லை என்பதற்குக் காரணம் கிடைத்தது. காரணம் கிடைத்தால் அடுத்த கதவு எது என்று தெரிந்துவிடும்.

நம் நாட்டுச் சட்டத்தில் சில கதவுகள் திறந்தே இருக்கின்றன. நம்மில் பலருக்கு அவை தெரியாது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, மன்றம் தீர்மானம் போட்டு மூடினாலன்றி, அதன் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்க்கும் திறந்திருக்க வேண்டும் என்கிறது. அதாவது, நாமும் போய் அமர்ந்து கேட்கலாம். ஆனால், பெரும்பாலான காரியங்கள் உட்குழுக்களில் பேசி முடிக்கப்படுகின்றன. அக்குழுக் கூட்டங்களுக்கு இவ்வுரிமை தானாக வருவதில்லை. ஆகவே, கதவு திறந்திருக்கிறது என்பதோடு, எந்த அறையின் கதவு என்பதையும் பார்க்க வேண்டும்.

அதே 1976ஆம் ஆண்டில் நகர, கிராமத் திட்டமிடல் சட்டமும் வந்தது. ஒரு வட்டாரத்தில் எங்கே வீடு, எங்கே தொழிற்சாலை, எங்கே சாலை என்று காட்டும் உள்ளூர்த் திட்டத்தின் நகலை மன்றம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். குறிப்பிட்ட நாளுக்குள் யாரும் எழுத்து மூலம் கருத்தோ ஆட்சேபமோ சொல்லலாம். இதற்கு நிலம் வைத்திருக்க வேண்டியதில்லை. அங்கே வாழ்ந்தால் போதும். இதை நன்றாக மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

ஏனென்றால், அதற்குப் பிந்திய கட்டத்தில் நிலைமை வேறு. உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில் ஒருவர் கட்டுமான அனுமதி கேட்டால், பக்கத்து நிலத்தின் பதிவு பெற்ற உரிமையாளருக்கு அறிவிப்புக் கொடுக்கிறார்கள். அவர் 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். தோட்டத்து லயத்தில் மூன்று தலைமுறையாக வாழ்ந்தவர் அந்த நிலத்தின் உரிமையாளர் அல்லர். அறிவிப்பு அவர் வாசலுக்கு வராது. கம்பெனியின் அலுவலகத்துக்குத்தான் போகும். தோட்டங்கள் கைமாறி வீடமைப்புப் பகுதிகளாக மாறிய காலத்தில், அளவுக்கல் நட்ட பிறகே நம் மக்கள் பலர் செய்தி அறிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே நாம் பேச வேண்டிய நேரம் நகல் திட்டம் மேசையில் இருக்கும் நேரம்; மண்வாரி இயந்திரம் வந்து நிற்கும் நேரமன்று.

மேல்படிகளுக்கு ஏறிய ஊர்களும் உலகில் உண்டு. பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989ஆம் ஆண்டு முதல் ஒரு புதுமுறை தொடங்கிற்று. நகரத்தின் வரவு செலவுத் திட்டத்தில் புதிய வேலைகளுக்கான பணத்தை எதற்குச் செலவிடுவது என்று குடியிருப்பு வாரியாக மக்கள் கூடி வரிசைப்படுத்தினார்கள். சாக்கடை முதலிலா, சாலை முதலிலா என்பதை அங்கு வாழ்பவர்களே சொன்னார்கள். நம் நாட்டிலும் பினாங்கில் 2012ஆம் ஆண்டு முதல் இரண்டு மலிவு விலை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இதை ஒட்டிய ஒரு சோதனை முயற்சி நடந்தது. ஆண், பெண், இளைஞர், முதியோர் எல்லாருடைய தேவையையும் தனித்தனியே கேட்டு, எதற்குப் பணம் ஒதுக்கலாம் என்று குடியிருப்பாளர்களையே தேர்ந்தெடுக்கச் செய்தார்கள். தனித்தனியே கேட்டது ஏன்? பொதுக் கூட்டத்தில் ஆண்கள் பேசுவார்கள்; பெண்கள் பின்வரிசையில் அமர்ந்து கேட்பார்கள். நம் கோயில் கூட்டத்திலும் அப்படித்தானே நடக்கிறது? தண்ணீர் வராத நாளில் குடம் தூக்குபவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். அவரைக் கேட்காமல் எடுத்த கணக்கு பாதிக் கணக்குதான்.

இப்பொழுது, நம் வீட்டில் நாமே பயன்படுத்தக் கூடிய ஓர் அளவுகோலைச் செய்து கொள்வோம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு பள்ளிக் கணக்குப் புத்தகமும் ஒரு பென்சிலும் போதும். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதி வையுங்கள்.

முதலாவது: யார் வந்தார்கள்? மொத்தம் எத்தனை பேர் என்பதோடு, பெண்கள் எத்தனை, இளைஞர் எத்தனை, வேலைக்குப் போகிறவர் எத்தனை என்றும் எழுதுங்கள்.

இரண்டாவது: யார் பேசினார்கள்? மேடையில் இருந்தவர் எவ்வளவு நேரம், கீழே இருந்தவர் எவ்வளவு நேரம்? கடிகாரத்தைப் பார்த்தால் போதும்.

மூன்றாவது: எந்தக் கட்டத்தில் கேட்டார்கள்? முடிவுக்கு முன்னா, பின்னா? சமைத்து இறக்கிய பின் உப்பு போதுமா என்று கேட்பதில் பயன் அதிகமில்லை.

நான்காவது: நமக்குப் புரியும் மொழியில், நாம் வரக் கூடிய நேரத்தில், போய்வரக் கூடிய இடத்தில் நடந்ததா?

ஐந்தாவது: நாம் சொன்னதில் எது ஏற்கப்பட்டது, எது மறுக்கப்பட்டது? மறுத்ததற்கு எழுத்தில் காரணம் கிடைத்ததா?

இந்த ஐந்தில் கடைசிக் கேள்விதான் மெட்ரோலாக் கருவி. முதல் நான்கும் நன்றாக இருந்து, ஐந்தாவதற்கு ஒன்றும் இல்லையென்றால், அது தண்ணீர் கலந்த பால். நான்கைந்து கூட்டங்களுக்கு இப்படி எழுதி வைத்தால், ஏணியில் எந்தப் படியில் நிற்கிறோம் என்பது நமக்கே தெரியும். அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக் கொண்டு மன்ற உறுப்பினரைப் பார்த்தால், நம் பேச்சுக்குத் தனி மதிப்பு வரும். 'எங்களை யாரும் கேட்பதில்லை' என்று பொதுவாகச் சொன்னால் மறுத்துவிடலாம். இன்ன தேதியில், இன்ன கூட்டத்தில், இன்ன கோரிக்கை கொடுத்தோம், பதில் இல்லை என்று சொன்னால் மறுக்க முடியாது.

ஆட்சியாளர்கள் நம்மை எண்ணுவதற்கு நாம் நன்கு பழகிவிட்டோம். பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டார்கள்; இருக்கிறேன் என்று சொன்னோம். அது வருகைப் பதிவு. நம் பாட்டன் காலம் அதோடு முடிந்தது. நம் காலத்தில் நாமும் எண்ணத் தொடங்க வேண்டும். எத்தனை முறை கேட்டோம், எத்தனை முறை பதில் வந்தது என்ற கணக்கு நம் கையிலும் இருக்கட்டும்.

பெற்றோர்களே, இதைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளை வீட்டுக்கு வீடு இருக்கிறது. கூட்டத்துக்குப் போகும்போது ஒரு பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். கணக்குப் புத்தகத்தை அதனிடம் கொடுங்கள். எங்களோடு வந்த அந்தப் பாட்டி இன்று இல்லை. அவர் கேட்ட கேள்வியை எங்கள் பள்ளியில் ஒவ்வோராண்டும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்கிறோம். நாம் சொன்னதை யார் எழுதினார்கள் என்று அவர் கேட்டார். இனிமேல் நாமே எழுதுவோம்.